புருஷோத்தமனுக்கு எத்தனை விரல்?

ஆலங்காயத்தில் பஸ் நின்றதும் டீ குடிக்க இறங்குவார். கண்டக்டர் விசில் கொடுத்து, பஸ் நகர்ந்து, நாலு கடை தாண்டிய பிறகுதான் புருஷோத்தமன் ஓடிவருவார். ஒரு கையில் பாதி குடித்த காகித டம்ளர், மறு கையில் ஜிப் அறுந்த தோள்பை. "இருங்க, இருங்க, மனுசன் வர்றேன்ல!" என்று பஸ்ஸின் முதுகில் தட்டுவார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு பிரேக் போடுவார். ஏறி, மூச்சு வாங்கி, பொத்தென்று உட்கார்ந்ததும் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான்: "ஏங்க, நம்ம டிரைவர் பொறுமைசாலிங்களா? அஞ்சுக்கு எவ்ளோ போடுவீங்க? வாயத் தொறக்க வேணாம், வெரலால காட்டுங்க போதும்."

பக்கத்து ஆள் கீழ்நாட்டுக்காரராக இருந்தால் மூன்று காட்டுவார், நாலு காட்டுவார், அல்லது "உனக்கு இன்னாய்யா வேணும்?" என்று முறைப்பார். ஜவ்வாது மலைக்காரராக இருந்தால் யோசிக்காமல் ஐந்து விரலையும் விரித்துவிடுவார். அப்போது புருஷோத்தமனின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! பரீட்சையில் தமக்கே முட்டை விழுந்த மாதிரி உட்கார்ந்திருப்பார்.

அவர் திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் உளவியல் வாத்தியார். சொந்த ஊர் சந்தவாசல். ஐம்பதைத் தொட்ட வயது, ஒல்லி உடம்பு, சட்டைப்பையில் மூடி தொலைந்த பேனா. அதனால் எந்தச் சட்டை போட்டாலும் பையின் மூலையில் ஒரு நீலக் கறை இருக்கும். எத்தனை பஸ்ஸில் எத்தனை குடையை விட்டார் என்பது அவருக்கே தெரியாது. அவர் மனைவி ஆனந்தி ஒருமுறை என்னிடம் சொன்னார்: "எங்க மாப்பிள்ள அழைப்புல மாப்பிள்ளயத்தான் காணோம் டீச்சர். எங்கப்பா அன்னிக்கே தலையில துண்ட போட்டுக்கிட்டாரு."

நானும் திருப்பத்தூரில்தான் வேலை பார்க்கிறேன், ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சர். வீடு காவலூரைத் தாண்டி மலைமேல், தம்பி குடும்பத்தோடு. வாரம் முழுக்கக் கீழே, சனிக்கிழமை காலை பஸ்ஸில் மேலே. அவருக்கும் மலைமேல் வேலை சனிக்கிழமைதான். அப்படித்தான் பழக்கம்.

காவலூர்ப் பக்கம் பேண்ட் போட்ட வெளியூர் ஆள் இறங்கினால் வானாய்வுக் கூடத்து ஆள் என்றுதான் எங்கள் ஜனம் நினைக்கும். "டெலஸ்கோப்பு சாருங்களா? இன்னிக்கு ஒரே மேகம், ஒண்ணியும் தெரியாதுங்களே" என்று அக்கறையாகச் சொல்வார்கள். "நான் அண்ணாந்து பாக்குறவன் இல்லீங்க, எதிர்ல பாக்குறவன்" என்பார். கேட்டவர்கள் இன்னும் குழம்பிப் போவார்கள். அதற்குள் அவர்களிடமும் விரல் கேட்டுவிடுவார்.

மனிதர்களின் குணத்தை அளப்பதுதான் அவர் ஆராய்ச்சி. அந்தச் சாத்திரம் பிறந்த கதையை அவர் பஸ்ஸில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு காலத்தில் வெளிநாட்டு அறிஞர்கள் அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஆளைப் பற்றிச் சொல்லும் சொற்களையெல்லாம் பொறுக்கினார்களாம். ஒரு குணம் உண்மையிலேயே முக்கியம் என்றால் ஜனங்கள் அதற்கு எப்போதோ ஒரு சொல் செய்து வைத்திருப்பார்கள் என்பது அவர்கள் நினைப்பு. ஆயிரக்கணக்கில் சேர்ந்த சொற்களில் எது எதோடு சேர்ந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் போட்டு, பின்னால் வந்தவர்கள் ஐந்து பெரிய குணங்களில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கலகலப்பு, பொறுப்பு, இணக்கம், மனக்கலக்கம், புதியதைத் தேடும் ஆசை. "எல்லார்கிட்டயும் அஞ்சும் கீது டீச்சர். இருக்கா இல்லியான்றது கேள்வி இல்ல, எவ்ளோன்றதுதான் கேள்வி. ஒயரம் மாதிரி. ஒலகத்துல குள்ளம், நெட்டைனு ரெண்டே வகையா கீறாங்க? நடுவுலதான் கூட்டம் ஜாஸ்தி."

இவருக்கு அகராதி போதாது. சண்டை வேண்டும். எங்காவது இரண்டு பேர் கத்திக்கொண்டால் முதல் ஆளாகப் போய் நிற்பார், விலக்கி விட அல்ல, சொல் பொறுக்க. ஒருமுறை ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் புளிக்கூடை வைக்கிற இடத்துக்காக இரண்டு பெண்கள் தலைமுடியைப் பிடிக்காத குறை. இவர் பஸ் டிக்கெட்டின் முதுகில் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தார். சிடுமூஞ்சி, அழுத்தக்காரி, வாயாடி, பசப்புக்காரி! ஒருத்தி சட்டென்று திரும்பி, "யோவ், இன்னாயா எழுதற? போலீசா நீ?" என்றாள். "இல்லம்மா, இப்ப ஒரு வார்த்த சொன்னியே, அத இன்னொரு தபா சொல்லு." அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒன்று சேர்ந்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். அவருக்கு ஒரே சந்தோஷம், டிக்கெட்டில்தான் இடம் இல்லை.

ஆனால் எங்கள் மலை அவரை அழ வைத்தது. சொல் தாராளமாகக் கிடைத்தது, அளவுதான் கிடைக்கவில்லை. "உங்க வூட்டுக்காரர் கோவக்காரருங்களா?" என்று கேட்டால், "ஆமாங்க." கொஞ்சம் பொறுத்து, "அவருக்குக் கோவமே வராதுங்களா?" என்று கேட்டால், அதற்கும் "ஆமாங்க." இப்படித் திருப்பிப் போட்டுக் கேட்பது உளவியல்காரர்கள் தொழிலில் ஒரு சூட்சுமம். யார் மனசாரச் சொல்கிறார்கள், யார் சும்மா தலையாட்டுகிறார்கள் என்று அதில் தெரிந்துவிடுமாம். எங்கள் ஊரில் அத்தனை பேரும் தலையாட்டினார்கள்.

பஸ் நிறுத்தத்தில் போண்டா போடும் மாதம்மாளிடம் போய்ப் புலம்பினார். "ஏம்மா, ஒருத்தர்கூட அஞ்சுக்குக் கொறச்சி காட்ட மாட்டேன்றீங்களே, எம் பொழப்பு இன்னா ஆவறது?"

மாதம்மாள் கரண்டியை எண்ணெயில் வைத்தபடியே சொன்னாள்: "இன்னாங்க நீங்க! இம்மாந் தூரம் மேட்ட ஏறி வந்து கேக்கறீங்க. வந்தவங்ககிட்ட போயி கைய மடக்குவாங்களா? நம்ம வூட்டு ஆளுன்னா உள்ளத உள்ளபடி சொல்லலாம்."

"செரி, என்னையே எடுத்துக்கோ. நேரத்துக்கு வர்றதுல நான் எப்டி?"

ஐந்து விரல்! அன்று அவர் காலை பஸ்ஸைத் தவறவிட்டு, தக்காளி ஏற்றப் போன டெம்போவில் மத்தியானம் வந்து சேர்ந்திருந்தார்.

இதெல்லாம் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது, என் தம்பி விஷயத்தில் வந்து நிற்கும்வரை.

என் தம்பி அருணகிரி, மலைமேல் ஓர் அறக்கட்டளைப் பள்ளியில் வேன் ஓட்டுகிறான். கொல்லைக்கொல்லையாக, நிலத்துக்கு நாலு வீடாகச் சிதறிக் கிடக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளைக் காலையில் வாரிக்கொண்டு போய், சாயங்காலம் வீட்டுக்கு வீடு இறக்கிவிடுவது அவன் வேலை. அதற்கு முன் திருப்பூரில் லாரி ஓட்டினான். பொங்கலுக்கு ஒருமுறை, திருவிழாவுக்கு ஒருமுறை வருவான். அவன் மகள் பேச ஆரம்பித்தபோது அப்பாவை "போன் மாமா" என்றுதான் கூப்பிட்டாள். இந்த வேலை கிடைத்த பிறகுதான் வீடு வீடாக இருக்கிறது. அவன் பெண்டாட்டி ஈஸ்வரியின் முகத்தில் சிரிப்பைப் பார்த்ததும் அதன் பிறகுதான். அருணகிரியைப் பற்றி ஒரே சொல்லில் சொல்ல வேண்டுமானால் கல்லுளிமங்கன். ஈஸ்வரியே அப்படித்தான் திட்டுவாள். கேட்டால் பதில் வராது, வந்தால் அரை வார்த்தை வரும்.

போன ஆண்டு கீழ்நாட்டில் எங்கோ ஒரு வேன் டிரைவர் கோபத்தில் வண்டியை வெட்டி ஓட்டிப் பிள்ளைகளுக்கு அடிபட்டது. தம்பியின் பள்ளி நிர்வாகி கோபால்சாமி நல்ல மனிதர், ஆனால் பயந்த மனிதர். நம் டிரைவர்களின் குணம் எப்படி என்று பார்த்துவிட வேண்டும் என்று நகரத்துக் கம்பெனி ஒன்றிடம் காசு கொடுத்து ஒரு டெஸ்ட் வாங்கினார். "நான் நம்பத் தகுந்தவன்", "என் வேலையைச் சிறப்பாகச் செய்வேன்", "புதியவர்களிடம் எளிதில் பேசுவேன்" என்று வரிசையாக வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் தானே தனக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் கூட்டிப் பார்த்து அருணகிரியின் முடிவைச் சொன்னது: கலகலப்பு இல்லாதவர், பொறுப்பு குறைந்தவர், கோபக்காரர், குழந்தைகளோடு வேலை செய்யப் பொருத்தமற்றவர். அடுத்த புதன்கிழமை கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்றார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக அவனைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டா, நம்பத் தகுந்தவன்ற எடத்துல ஒண்ணு போட்டியா?"

"ம்."

"எதுக்குடா?"

அவன் வெகுநேரம் வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நம்மள பத்தி நாமளே நல்லா சொல்லிக்கலாமாக்கா? நான் ஷோக்கா ஓட்டுவேன்னு வாயால சொன்னா அன்னிக்கே வண்டி கவுந்துடாது? புள்ளைங்க ஏறுற வண்டி." அவன் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுவாகத்தான் இருக்கும்.

"கோவம் வரும்ன்றதுக்கு மட்டும் அஞ்சு போட்டிருக்க?"

"ஒரு தபா வந்துதே."

எங்கள் ஜனம் முழுக்க இப்படித்தான். சாமை அமோகமாக விளைந்திருக்கும், கேட்டால் "இன்னாமோ ஏதோ கீதுங்க" என்பார்கள். நன்றாக இருக்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால் கண்பட்டுவிடும். வந்தவர்களுக்கு என்றால் ஐந்து விரலும் விரியும், தனக்கு என்றால் ஒரு விரல் நிமிரவே யோசிக்கும். இதைக் கம்ப்யூட்டரிடம் யார் போய்ச் சொல்வது?

ஓட்டமாகப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். புருஷோத்தமன் மாதம்மாள் கடையில் போண்டாவை ஊதிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் மலர்ந்தது. "அடடா! அருமை! இதத்தாங்க நான் இத்தினி நாளா தேடிக்கினு இருந்தேன்!" என்று குதித்தார்.

"சார், எந்தம்பி வயித்துல அடிக்கறாங்க. உங்களுக்கு அருமையா?" என்றேன். என் குரல் எப்படி இருந்ததோ, மாதம்மாள் அடுப்பைத் தணித்துவிட்டாள். அவர் போண்டாவைக் கீழே வைத்தார். "மன்னிச்சிக்குங்க டீச்சர்" என்றார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க, வேன் நிக்கிற எடமெல்லாம் எனக்குக் காட்டுங்க" என்று கிளம்பினார்.

அந்த மத்தியானம் அவர் வேலை செய்ததை நான் பார்த்தேன். ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்வது ஒரு சாட்சி, அவரை நாள்தோறும் பார்ப்பவர் சொல்வது இன்னொரு சாட்சி, இரண்டும் ஒரே இடத்தில் வந்து நின்றால்தான் அளவு நம்பகமானது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சனிக்கிழமை, பிள்ளைகளுக்கு லீவு. தாய்மார்கள் கொல்லையில் சாமை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சொல்வது இன்னொருத்தி காதில் விழக் கூடாது என்பதற்காக ஒவ்வொருவராகப் பலாமரத்துக்குப் பின்னால் கூட்டிப்போனார். "இன்னாக்கா இது, ஓட்டுப் போடறாப்புல கீது" என்று ஒரே சிரிப்பு.

முதலில் வழக்கம்போல ஐந்து விரல்தான். அருணகிரி பொறுமைசாலியா, ஐந்து. பொறுமை இல்லாதவரா, அதற்கும் ஐந்து. அவர் தலையைச் சொறிந்துகொண்டு கொஞ்சநேரம் உலாத்தினார். பிறகு கேள்வியை மாற்றினார். நல்லவரா கெட்டவரா என்று கேட்காமல், இரண்டு நல்ல காரியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒன்றை எடு என்றார். எதை எடுத்தாலும் யாருக்கும் குறை வைத்ததாக ஆகாதல்லவா?

"ஏம்மா, அருணகிரி எது ஜாஸ்தி பண்ணுவாரு? பசங்ககிட்ட பேசி சிரிக்க வைப்பாரா, பசங்க எல்லாம் வந்தாச்சான்னு எண்ணிப் பாப்பாரா?"

கன்னியம்மாள் என்கிற பெண், கையில் முறத்தோடு நின்றவள், பட்டென்று சொன்னாள்: "பேச்சா? அவுரு எங்கங்க பேசுவாரு! எண்ணுவாரு. ஏறும்போது எண்ணுவாரு, எறங்கும்போது எண்ணுவாரு."

"சீக்கிரமா கொண்டாந்து சேப்பாரா, நின்னு பாத்து கொண்டாருவாரா?"

"நின்னு பாத்துதாங்க. எறங்கி வண்டிக்கு அடியில ஒரு தபா குனிஞ்சி பாத்துட்டுத்தான் எடுப்பாரு. கோழி நின்னாலும் தொரத்திட்டுத்தான் எடுப்பாரு. மழ பேஞ்சா இந்த ஓட தாண்டற வரைக்கும் அவரே எம்பொண்ண தூக்கிக்கினு வந்து வுடுவாரு. ஒரு நாளு இவ செருப்ப வண்டியிலயே வுட்டுட்டா. மறுநாளு சீட்டு மேல தொடச்சி வெச்சிருந்தாரு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல."

கேட்டதற்கு மேலேயே கொட்டினாள். மரத்துக்குப் பின்னால் வந்த அத்தனை பேரும், வேறு வேறு கதையில், அதையேதான் சொன்னார்கள். டிக்கெட்டுகள் தீர்ந்துபோய் என் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துக்கொடுத்தேன். "புதன்கிழமை பத்து மணிக்குக் கமிட்டில நானே வந்து சொல்றேன் டீச்சர்" என்றார்.

பத்து மணிக்கு! இவர்! தம் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த மனிதரை நம்பி என் தம்பியின் பிழைப்பு நிற்கிறது. அவர் நேரத்துக்கு வராவிட்டால் கமிட்டி கம்ப்யூட்டர் சொன்னதற்கே கையெழுத்துப் போட்டு முடித்துவிடும். அருணகிரி பழையபடி லாரிக்குப் போவான், அந்தக் குழந்தை பழையபடி போனில் அப்பாவைப் பார்க்கும்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறினேன். திருப்பத்தூரில் அவர் ஏறவில்லை. ஆலங்காயத்தில் பஸ் நின்றது, கிளம்பியது. நாலு கடை தாண்டியது. நான் பின்பக்கக் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரும் ஓடிவரவில்லை. வளைவுக்கு வளைவு அந்த மனிதரைத் திட்டித் தீர்த்தேன். அவர் பொறுக்கிய சொற்கள் எல்லாம் எனக்கு அன்று பயன்பட்டன.

பள்ளி வாசலில் இறங்கினால், தண்ணீர்க் குழாயடியில் ஒரு மனிதர் துண்டும் லுங்கியுமாகப் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறார். புருஷோத்தமன்!

"நேத்து சாயந்தரமே வந்துட்டேன் டீச்சர்" என்றார், வாயெல்லாம் நுரையாக. "வாட்ச்மேன் ரூம்புல ஒரு பாய் குடுத்தாரு. எம்மேல எனக்கே நம்பிக்க இல்ல. நேரத்துக்கு வர்றதுல நான் அஞ்சுக்கு ரெண்டு. ஆனந்திய கேட்டா ஒண்ணும்பா. இந்த வயசுல கொணத்த மாத்தவா முடியும்? அதான் அத சுத்திப் போயிடலாம்னு ஒரு நாளு முன்னாடியே வந்துட்டேன்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. வழியெல்லாம் திட்டினேனே என்ற வெட்கம் ஒருபக்கம், வயிற்றில் பாலை வார்த்தாரே என்ற நிம்மதி ஒருபக்கம். அவர் அதைக் கவனிக்கவில்லை, சோப்பு டப்பாவை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்தார்.

கமிட்டியில் அவர் என் தம்பியைத் தூக்கி வைத்துப் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முதலில் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டெஸ்ட்டு சொன்னது பாதி சரிங்க. இவரு கலகலப்பு கம்மியான ஆளு. ஊரே சொல்லுது. அத நான் மறைக்க மாட்டேன்."

கோபால்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். அருணகிரி சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"ஆனா நீங்க ஆளு எடுக்கறது வண்டி ஓட்டவா, பட்டிமன்றம் நடத்தவா? வண்டிக்கு வேண்டியது பொறுப்பு. எந்த வேலைய எடுத்தாலும் அதுதாங்க மொதல்ல கைகுடுக்குது, எங்க ஆராய்ச்சியெல்லாம் அதத்தான் சொல்லுது. அந்த எடத்துல இவரு தன்னத்தானே கொறச்சி போட்டுக்கினாரு, ஏன்னா இந்த மலையில அதான் மரியாத. தராசு நல்ல தராசுதாங்க. எடக்கல்லு வேற ஊருது." பலாமரத்தடிச் சாட்சியங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கிற விஷயம் வந்தபோது அருணகிரி காது சிவந்துபோய் இன்னும் கொஞ்சம் குனிந்தான்.

கோபால்சாமி லேசுப்பட்டவர் இல்லை. "செரிங்க, கம்ப்யூட்டர நம்பாதன்றீங்க. உங்கள மட்டும் எப்டி நம்பறது? ஊரு சனம் வேணும்னே நல்லதா சொல்லியிருந்தா?"

நியாயமான கேள்விதான். புருஷோத்தமன் சந்தோஷமாகச் சிரித்தார். "என்னயும் நம்பாதீங்க. நீங்களே நாளைக்கு வண்டில ஏறி ஒக்காருங்க. ஒரு வாரம் பாருங்க. நடத்தையப் பாக்குறதுக்கு மேல அளவு ஏதுங்க?"

கோபால்சாமி ஏறினார். வாரம் முழுக்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமைக்கு முன்னாலேயே கமிட்டிக்காரர்களிடம் சிரித்துக்கொண்டு புகார் சொன்னாராம்: "இன்னாங்க இந்த ஆளு! நான் ஏறி பெல்ட்டு போடற வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டேன்றான். நிர்வாகின்ற மரியாத கூட கெடையாது. கம்னு ஒக்காந்து கண்ணாடியில பாத்துக்கினே கீறான்." வேலை நிலைத்தது. அடுத்த ஆண்டு டெஸ்ட் வைப்பதானால் புருஷோத்தமனைக் கேட்டுத்தான் வைப்பது என்றும் முடிவு செய்தார்கள்.

நாங்கள் அவருக்குப் பட்ட கடன் சாதாரணக் கடன் இல்லை. அதை ஊரறியச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பொய் சொல்லி என் தம்பியைக் காப்பாற்ற அவரால் முடிந்திருக்கும். உள்ளதை மட்டும் சொல்லிக் காப்பாற்றினார். அவன் பேசாதவன் என்பதையும் சேர்த்துச் சொன்னார். அதனால்தான் இன்று பள்ளியில் யாரும் அவனைப் பேசு பேசு என்று பிடுங்குவதில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவனை அவனாக விட்டிருக்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவர் வழக்கம்போல் பஸ்ஸைத் தவறவிட்டு, டெம்போவில் மத்தியானம் வந்து சேர்ந்தார். ஊரே பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தது. மாதம்மாள் காசு வாங்க மறுத்துப் போண்டாவைத் தட்டில் குவித்தாள். ஈஸ்வரி பாட்டிலில் தேனும், பையில் சாமையரிசியும் கொண்டுவந்திருந்தாள். கன்னியம்மாள் ஒரு பலாப்பழத்தையே உருட்டிக்கொண்டு வந்தாள். அதை அவர் பஸ்ஸில் மறந்துவிடுவார் என்று ஆளாளுக்குக் கவலை. பள்ளிக்கூட வேனும் நின்றிருந்தது. சர்வீஸுக்குக் கீழே கொண்டுபோகும் வழியில், அடுத்து அவருக்கு வேலை இருந்த காவலூரில் அவரையும் இறக்கிவிடக் கோபால்சாமியே சொல்லியனுப்பியிருந்தார்.

இவ்வளவு பேரை ஒன்றாகப் பார்த்ததும் மனிதருக்குக் கை அரித்துவிட்டது. "எல்லாரும் இங்க பாருங்க. மனசார சொல்லணும். நேரத்துக்கு வர்றதுல நான் எவ்ளோ?"

அத்தனை கைகளும் உயர்ந்தன. அத்தனையும் ஐந்து விரல். ஈஸ்வரியின் இடுப்பில் இருந்த குழந்தைகூடக் கையை விரித்தது. என் கையைப் பார்த்தேன், அதுவும் விரிந்துதான் இருந்தது.

"டீச்சர், நீங்களுமா!" என்றார் பரிதாபமாக. "இது நன்றிங்க. நன்றி வேற, அளவு வேற. கேன்சல், எல்லாம் கேன்சல்." பலாப்பழத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வேனுக்கு நடந்தார். டிரைவர் சீட்டில் அருணகிரி உட்கார்ந்திருந்தான். கூட்டத்தில் கை தூக்காதவன் அவன் ஒருவன்தான். இவர் ஜன்னலோரம் நின்று, பழக்கதோஷத்தில், ஒப்புக்குத்தான் கேட்டார்: "நீ சொல்லுப்பா. எவ்ளோ?"

அருணகிரி அவரை மேலும் கீழும் பார்த்தான். அவர் வந்திறங்கிய டெம்போ போன திசையைப் பார்த்தான். உச்சிக்கு வந்துவிட்ட வெயிலைப் பார்த்தான். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இரண்டே இரண்டு விரலை நிமிர்த்தினான்.

"அடப்பாவி!" என்று ஈஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். மாதம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, "நம்ம வூட்டு ஆளாயிட்டாருங்க!" என்று சிரிக்க ஆரம்பித்தாள். பலாப்பழத்தைத் தரையில் மெதுவாக இறக்கி வைத்த புருஷோத்தமன், அந்த இரண்டு விரல்களையும் தம் இரண்டு கைகளாலும் பிடித்து, குனிந்து, கண்களில் ஒற்றிக்கொண்டார்.